ஜும்மா நேரத்தில் வாய் திறக்காத பட்டியல்

பங்காளி,

இன்று காலை, உங்கள் மண்டியில் நீ வைத்த கம்ப்யூட்டர் மிஷினின் மூடியைக் கழற்றினேன். அதன் காற்றாடி நின்று நின்று ஓடுகிறது என்று உன் அத்தா கொடுத்து அனுப்பியிருந்தார். நான்கு திருகைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கிளம்பியது பார் ஒரு வாடை. உப்புத் தடவி அடுக்கிய ஆட்டுத்தோலின் வாடை. உங்கள் தோல் மண்டியையே மடித்து உள்ளே வைத்ததுபோல் இருந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த காலேஜ் பிள்ளை துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, "அங்கிள், எங்கயோ எலி செத்துக் கிடக்கு போல" என்றாள். "இல்லம்மா, அது என் சிநேகிதன் ஞாபகம்" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நாளையிலிருந்து அவள் வேறு கடைக்குப் போய்விடுவாள்.

கையில் பிரஷ்ஷோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துக்கம் என்று நினைத்துவிடாதே. நெஞ்சு படபடவென்று அடித்தது. அன்றைக்கு உன் வண்டியின் பின்சீட்டில் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனபோது அடித்த அதே அடி. வீட்டில் சொன்னால், "உங்களுக்கு பிரஷர் செக் பண்ணணும்" என்பாள். ஆகவே உனக்கு எழுதுகிறேன். நீ செக் பண்ணச் சொல்லமாட்டாய்.

நீ பெங்களூரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய வருசம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. "வேலை போயிருச்சாம், வீட்டுலருந்து பாக்குறேன்னு சமாளிக்கிறான்." அதை யார் கிளப்பிவிட்டது என்று கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தாய். நான்தான். இனி உன்னால் என்னை என்ன செய்ய முடியும் என்கிற தைரியத்தில் ஒப்புக்கொள்கிறேன். அப்போது உனக்கு வேலை இருந்தது மட்டுமல்ல, வேலை முடிந்த பிறகும் அதையே விளையாட்டாகச் செய்யும் பைத்தியமும் இருந்தது. பெரிய கம்பெனிகளின் கணக்குவழக்கை ஒரே கம்ப்யூட்டரில் வைக்காமல் பல கம்ப்யூட்டரில் பரப்பிவைத்து, ஒன்று படுத்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்படி நடத்துவதுதான் உன் தொழில். நானும் கம்ப்யூட்டர் தொழில்தான். போர்டில் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே நடப்பது ஜெராக்ஸ்.

உன் பைத்தியத்துக்குத் தீனி போட்டவர் செலின் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று சாணார்பட்டியில் வீடு கட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலைத் தன் போனில் வைத்திருந்தார். யாருக்கு எந்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார், எந்த ஊர், எல்லாம் அதில். ஒருநாள் போன் துணி ஊறவைத்த வாளிக்குள் போயிற்று. அக்கா அரிசிப் பானைக்குள் போனைப் புதைத்துவைத்து இரண்டு நாள் ஜெபமாலை உருட்டியும் அது எழுந்திருக்கவில்லை. பழைய நோட்டைத் தேடி எடுத்து மறுபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுத ஆரம்பித்தார். அதைக் கேட்டுத்தான் நீ டிபன் பாக்ஸ் அளவில் மூன்று பழைய கம்ப்யூட்டர்களோடு என் கடைக்கு வந்தாய்.

ஒன்று என் கடையில், ஒன்று உங்கள் மண்டியில், ஒன்று அக்கா வீட்டில். பேரும் அதுதான் வைத்தாய்: கடை, மண்டி, அக்கா. பட்டியல் மூன்றிலும் இருக்கும். எதை எழுதினாலும், எதைக் காட்டினாலும், மூன்றில் இரண்டு மிஷின் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும்.

"பஞ்சாயத்தாப்பா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. ஒண்ணு செத்தாலும் ரெண்டு நடத்தும். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"ரெண்டு செத்துட்டா?"

"மிஞ்சுன ஒண்ணு வாயத் திறக்காது. தனியா இருக்கையில அது சொல்றது பழைய கதையா இருந்துருச்சுன்னா? போன மாசம் ரத்தம் கொடுத்தவனையே மறுபடி கூப்பிட்டு உக்கார வச்சிருவீங்க."

அக்காவுக்கு அது பிடித்திருந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசாத ஜீவன் ஒன்று இந்த ஜில்லாவில் இருக்கிறதே என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிறகு எனக்குத் தனியாக ஒரு பாடம் எடுத்தாய். நிரலைக் கண்டெய்னரில் போட்டு ஓட்டப்போகிறோம் என்றாய். கண்டெய்னர் என்றால் தூத்துக்குடி ரோட்டில் லாரியில் போகுமே அதுவா என்று கேட்டேன். நீ டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"கல்யாணத்துக்குப் பிரியாணி போடுற பண்டாரி மாதிரி பங்காளி இது. சோறாக்குற தேக்சா, கரண்டி, மசாலா, விறகு எல்லாம் அவரே கொண்டாந்துருவாரு. எந்த மண்டபத்துல இறக்குனாலும் ஒரே ருசி. மண்டபத்துக்காரன் ஒரு கரண்டி தர வேணாம்."

"முடிஞ்சதும்?"

"கழுவிக் கவுத்து வண்டியில ஏத்திருவாரு. ஒரு பருக்கை மிஞ்சாது. அதனாலதான் சொல்றேன், நமக்கு மிஞ்ச வேண்டியத மண்டபத்து ஸ்டோர் ரூமுல எடுத்து வச்சுப் பூட்டிரணும். நம்ம பட்டியல் ஸ்டோர் ரூமுல இருக்கணும். தேக்சாவுலயே விட்டா, கழுவிட்டுப் போயிருவான். புரியுதா?"

நான் பலமாகத் தலையாட்டினேன். பிரியாணியை நினைத்துக்கொண்டு ஆட்டினேன் என்பது உனக்கு எப்படித் தெரியும்.

மண்டி மிஷினையும் அக்கா மிஷினையும் நீயே நிறுவினாய். கடை மிஷினை நானே செய்வேன் என்று நான்தான் வீம்பு பிடித்தேன். செய்யவேண்டியதை ஒரு தாளில் வரிவரியாக அச்சடித்துக் கொடுத்தாய். அசல் அழுக்காகிவிடக் கூடாதே என்று மரியாதையாக ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டு, ஜெராக்ஸைப் பார்த்து ஒரு எழுத்து பிசகாமல் தட்டினேன். ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. நீ முதுகில் தட்டிக் கொடுத்தாய்.

ஒரே ஒரு சங்கடம் உன் அத்தாவால் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பும்போது மண்டியின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டுதான் போவார். பழைய வயரிங், ஆளில்லாத மண்டி, பொறி பட்டால் போச்சு என்பது அவர் கணக்கு. மண்டி மிஷின் வாராவாரம் ஒரு மணி நேரம் செத்துப் பிழைக்கும். "ஒரு பேட்டரி வச்சுரலாமேடா" என்றேன். அத்தா பேட்டரியையும் உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டார், உப்புக் காற்றில் அது வெடிக்குமாம். நீ அவரோடு ஒரு வார்த்தை மல்லுக்கு நிற்கவில்லை. "அத்தாவ மாத்த முடியாது பங்காளி. அத்தாவச் சேத்துத்தான் கட்டணும்" என்றாய். வெள்ளிக்கிழமை மதியம் வாராவாரம் நமக்கு இலவசப் பரீட்சை என்று சந்தோசப்பட்டாய். நீ பள்ளிவாசலில் இருப்பாய், மண்டி படுத்திருக்கும், கடையும் அக்காவும் பட்டியலைத் தாங்கும். திரும்பி வந்து என் கடைக்கு எட்டிப் பார்த்து, "பாஸா?" என்பாய். "பாஸ்" என்பேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரு வித்தை காட்ட ஆரம்பித்தேன். என் மிஷினில் ஓடும் கண்டெய்னரை அடியோடு எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றுவேன். சிவப்பு விளக்கு வரும், கொஞ்ச நேரத்தில் பச்சையாகும், பட்டியல் அப்படியே வந்து நிற்கும். பாம்பாட்டி மாதிரி கையைத் தட்டிக் காட்டுவேன். எட்டு மாசம் இந்த வித்தை ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒட்டன்சத்திரத்திலிருந்து என் மச்சான் வந்திருந்தார், மனைவியின் அண்ணன். என்னை ஒரு மனுசனாக மதிக்காதவர்.

"ஏனுங் மாப்ளே, அணைச்சுப் போட்டா மறுக்கா வருமுங்களா?" என்றார், அந்த மதிக்காத குரலிலேயே.

"பாருங்க மச்சான்" என்று எடுத்துப் போட்டேன். புதிதாக ஏற்றினேன். சிவப்பு வந்தது. சிவப்பாகவே நின்றது. மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். அப்போது போன் அடித்தது. செலின் அக்கா.

"ஏலே, லிஸ்ட் தொறக்க மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு. ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பிள்ள ஒண்ணு, தலைப் பிரசவம், ரத்தம் நிக்கலயாம். பி நெகட்டிவ். ஒரு பாட்டில் ஏத்திட்டாங்க, இன்னொண்ணு ஒரு மணி நேரத்துக்குள்ள வேணும்."

"உங்க நோட்டு இருக்குல்லக்கா?"

"நோட்டுல மூணு பேரு. ஒருத்தன் துபாய்ல இருக்கான். ஒருத்தர் செத்துப் போயிட்டாரு. இன்னொருத்தன் போனே எடுக்கல. எவன்டா என் வீட்டு மிஷினுல இருக்குற லிஸ்ட எனக்கே காட்ட மாட்டேங்குறவன்?"

அப்போதுதான் மணியைப் பார்த்தேன். ஜும்மா. மண்டி படுத்திருக்கிறது. கடையை நான் கொன்றுவிட்டேன். மிச்சம் அக்கா மட்டும். அத்தனை பெயரையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அது வாயை மூடி உட்கார்ந்திருக்கிறது. மண்டியில் மெயினை ஏற்றினால் இரண்டாகும். சாவி அத்தாவிடம். அத்தா பள்ளிவாசலில். உன் போன் அணைந்திருக்கிறது.

ஓடினேன் பங்காளி. வண்டிச் சாவி எங்கே என்று தேடும் புத்திகூட இல்லாமல் ஓடினேன். என் தொப்பை எனக்கு முன்னால் ஓடியது. பள்ளிவாசல் நிரம்பித் தெருவரைக்கும் பாய் போட்டிருந்தார்கள். உள்ளே தொழுகைக்கு முந்திய பிரசங்கம், குத்பா, ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது என்பது எனக்கும் தெரியும். பக்கவாட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நீ தூணோரம் இருந்தாய். எப்படித்தான் திரும்பினாயோ. நான் கையால் சுவிட்சை இறக்குவதுபோல் காட்டினேன், பிறகு முழங்கையை மடக்கி ஊசி போடுவதுபோல் காட்டினேன். பார்த்தவர்கள் நான் எதையோ குடித்துவிட்டு வந்திருப்பதாக நினைத்திருப்பார்கள்.

நீ எழுந்தாய். நடு ஜும்மாவில், அத்தனை பேர் நடுவில். முழங்கால் வலிக்காகப் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தா முன்னால் போய்க் கையை நீட்டினாய். அவர் உன் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் பச்சை பெல்ட்டின் பையிலிருந்து சாவியை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தார். "என்னான்னு கேக்கக்கூட முடியல, குத்பா ஓடுது. எம்மவன் ஜும்மாவ விட்டு எந்திரிக்கிறான்னா உசுரு சங்கதின்னு நெனச்சுக்கிட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நூற்றுக்கணக்கான செருப்புகளில் உன்னுடையதைத் தேட நீ நிற்கவில்லை. வெறுங்காலோடு வண்டியை உதைத்தாய். தார் ரோடு கொதித்தது.

"எதத் தொட்ட?"

"கடைய."

"நிறுத்துனியா, எடுத்துட்டுப் போட்டியா?"

"எடுத்துட்டுப் போட்டேன்."

"அப்படின்னாலும் ஸ்டோர் ரூமுல இருக்குமே. எந்திரிச்சிருக்கணுமே." வண்டியின் முறுக்கை ஏற்றினாய். நான் உன் சட்டையைப் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் என் கையோடு வந்துவிட்டது.

பூட்டைத் திறந்து, தோல் அடுக்குகளுக்கும் உப்பு மூட்டைகளுக்கும் நடுவே மூக்கைப் பிடிக்காமல் ஓடி, மெயினை ஏற்றினாய். மண்டி மிஷின் ஒரு முனகல் முனகியது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா அந்தப் பக்கம் மூச்சு வாங்கினார்.

"என்னலே ஆச்சு?"

"எந்திரிக்குதுக்கா."

"எந்திரிச்சுப் பல்லு வெளக்குதா? சீக்கிரம்ப்பா."

மண்டி மேசையில் நீ விட்டுப் போயிருந்த மடிக்கணினித் திரையில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மண்டி பச்சை. அக்கா பச்சை. இரண்டும் ஒன்றையொன்று தேடின. நீ விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். உன் கண்ணில் பயம் இருந்தது, அதைவிடக் கூடுதலாக வேறொன்றும் இருந்தது. திருவிழாவில் வாணம் மேலே போய் வெடிக்கும் முன் பார்ப்பவன் முகம். "ரெண்டும் ஒத்துக்கிருச்சு" என்றாய், ரொம்ப மெதுவாக. போனில் அக்கா, "தொறந்துருச்சுலே, தொறந்துருச்சு" என்றார்.

பி நெகட்டிவ் ஐந்து பேர். ஒருவர் கொடைக்கானலில். இரண்டு பேர் கொடுத்து மூன்று மாதம் ஆகவில்லை. நான்காமவர் ஆயக்குடிக்காரர், பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டியில் கொய்யா விற்பவர். நாம் மண்டியைப் பூட்டுவதற்குள் அக்கா அவரைப் பிடித்துவிட்டார். நாம் போய் நின்றபோது அவர் தயாராக இருந்தார். ஒரே கவலைதான்.

"வாரேனுங்க. கொய்யாவ யாருங்க பாத்துக்குவாங்க?"

நீ என்னைப் பார்த்தாய். அவரும் என்னைப் பார்த்தார். அவர் உன் வண்டியில் ஏறிப் போனார். நான் தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றேன். என் வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர் அந்தப் பக்கமாகப் போனார்கள். "ஜெராக்ஸ் கடைய விட்டாச்சா சார்?" என்று ஒருவர் நிஜமான அனுதாபத்தோடு கேட்டார். மிளகாய்ப்பொடியை எந்தக் காயில் போடுவது, எதில் உப்பு என்று தெரியாமல் ஒரு அம்மாவிடம் நல்ல திட்டு வாங்கினேன். ஒவ்வொரு தடவை போன் சிணுங்கும்போதும் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

கடைசியில் அக்கா. "நின்னுருச்சுடா தம்பி. பிள்ள கண்ணு முழிச்சிருச்சு. பொம்பளப் பிள்ள பொறந்துருக்கு, அதுவும் சொகம்." நான் ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்தேன். மிளகாய்ப்பொடி போட்டது. கண்ணீருக்கு நல்ல காரணம் கிடைத்தது.

சாயங்காலம் நீ என் கடையில் உட்கார்ந்து கடை மிஷினை ஆராய்ந்தாய். முதலில் சும்மா பார்த்தாய். பிறகு முகம் மாறியது. "நான் குடுத்த தாளு எங்க?" என்றாய். ஜெராக்ஸை நீட்டினேன். "அசல்?" பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தாய். அசலில் அடியில் இருந்த இரண்டு வரி ஜெராக்ஸில் இல்லை. என் ஜெராக்ஸ் மிஷின் தாளின் அடியைச் சாப்பிடும் என்பது ஊருக்கே தெரியும். அந்த இரண்டு வரிதான் ஸ்டோர் ரூம்.

எட்டு மாசமாக என் மிஷினில் பட்டியல் தேக்சாவிலேயே இருந்திருக்கிறது. நான் வித்தை காட்டிய ஒவ்வொரு தடவையும் அது சுத்தமாகக் கழுவப்பட்டு, ஒன்றும் தெரியாத குழந்தையாக எழுந்து, மற்ற இரண்டிடமும் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு மண்டி படுத்திருந்தது, தனியாக நின்ற அக்கா மிஷின் வாயைத் திறக்கவில்லை. நீ சிரிக்க ஆரம்பித்தாய். ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கொப்புளம் கண்ட பாதத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னாய்.

"ஒருத்தன் மறந்தா ரெண்டு பேரு ஞாபகப்படுத்துற மாதிரி கட்டுனேன் பங்காளி. ஒருத்தன் மறந்துக்கிட்டே இருக்கான்னு யாருக்குமே தெரியாத மாதிரியும் கட்டிப்புட்டேன்."

அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "யார் தப்பு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "என் தப்புக்கா. கட்டுனவன் நான்."

அக்கா உன்னைப் பிடித்துக்கொண்டார். உன் படிப்பு, உன் பெங்களூர், உன் பஞ்சாயத்து, ஒன்றையும் விடவில்லை. "ஒரு பிள்ள போயிருந்தா?" என்று கேட்டபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் அங்கேயேதான் நின்றேன். அந்த இரண்டு தாளையும் கல்லாவுக்குள் தள்ளிவிட்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த வருசங்களிலும். அக்கா உனக்கு "வெள்ளிக்கிழமை வீரன்" என்று பேர் வைத்து எல்லார் முன்னாலும் கூப்பிட்டபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தேன். நீ என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாய். அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நீ போய்விட்டாய். மய்யத்து எடுத்த அன்று அக்கா வாசலில் நின்று அழுதார். அழுகைக்கு நடுவே பக்கத்தில் யாரிடமோ, "அந்த ஒரு வெள்ளிக்கிழமையத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது அவன" என்றார். அது என் காதில் விழுந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பாதே, இறங்கியது. ருசிக்கவில்லை.

போன மாதம் சாணார்பட்டிக்குப் போனேன். இரண்டு தாளையும் அக்கா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வித்தையை, மச்சானை, ஜெராக்ஸை, உன் வாய்க்கு முந்தாத என் வாயை. அக்கா கண்ணாடியை மாட்டி அசலை வாசித்தார், ஜெராக்ஸை வாசித்தார். மறுபடி அசலை எடுத்து வாசித்தார். எனக்குத் திட்டு விழுந்தால் தேவலை என்று ஆகிவிட்டது.

"அம்புட்டு வருசம் அவனத் திட்டுனதெல்லாம் இப்ப நான் எங்கடா போய்த் திரும்ப வாங்குறது?" என்றார்.

"எங்கிட்டப் போடுங்கக்கா."

"போடுவேன். மொத்தத்தையும் போடுவேன். நீ தாங்குவியா?"

போட்டுக்கொண்டிருக்கிறார் பங்காளி. மற்றவர்கள் முன்னால் போடுகிறார், போனில் போடுகிறார், பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிறுத்தி வைத்துப் போடுகிறார். உனக்குச் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொல்கிறார். நீ எப்படித் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினாய் என்று இப்போதுதான் தெரிகிறது, கழுத்து வலிக்கிறது. பேர் மட்டும் மாறிவிட்டது. வீரன் உனக்கே இருக்கட்டும் என்று எனக்கு வேறொன்று வைத்திருக்கிறார். கடிதத்தில் எழுதுகிற மாதிரி இல்லை.

பட்டியல் ஓடுகிறது. கடை மிஷினுக்கு ஸ்டோர் ரூம் இருக்கிறது, வாராவாரம் திறந்து பார்க்கிறேன். இன்று மண்டி மிஷின் என் மேசையில் குடல் தெரியப் பிரிந்து கிடக்கும்போதே அக்கா யாருக்கோ ஏ பாசிட்டிவ் தேடி எடுத்துவிட்டார். அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. எனக்குத் தெரிந்ததும் எழுந்து கடைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தேன். அந்தக் காலேஜ் பிள்ளை இன்னொரு தடவை மூக்கை மூடிக்கொண்டாள்.

அத்தா இன்றும் வெள்ளிக்கிழமை மெயினை இறக்கிவிட்டுத்தான் போகிறார். அவர் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக அக்காவின் போன் வரும்.

"எதையும் தொடலயே?"

"தொடலக்கா."

"கைய மடியில வச்சுக்க. தொழுது முடிச்சு வரட்டும்."

போனை வைத்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காருவேன். ஜெராக்ஸுக்கு வருபவர்களைச் செத்த நேரம் இருக்கச் சொல்வேன். பள்ளிவாசலில் ஓதுகிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் எதையும் சும்மா விட்டுப் பழகாத நான், அந்த ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறேன்.